ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக்: ஏன் இப்படி நடக்கிறது, எப்போது இது சிக்கலாகிறது?

ஜூன் மாசம், பள்ளி திறந்த முதல் வாரம். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். "கார்த்திக்..." என்று கூப்பிட்டதும் மூன்று பெஞ்சில் இருந்து மூன்று குரல்: "எஸ் மிஸ்!" வகுப்பே சிரிக்கிறது. டீச்சர் தலையைத் தூக்காமலேயே சொல்கிறார்: "இனிஷியலோட கூப்பிடுறேன், அப்ப சொல்லுங்கப்பா."

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். கார்த்திக் இருக்கும் இடத்தில் உங்கள் காலத்துப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா காலத்தில் அது முருகன், செல்வி. அப்புறம் சுரேஷ், ரமேஷ். நான் படித்த வகுப்பில் திவ்யா மட்டும் மூன்று பேர். இப்போது பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் "யாழினி அம்மா" என்று இரண்டு எண்களைச் சேமித்துவிட்டு, எந்த யாழினி என்று முழிக்கிறார்கள் என் அக்கா வயதுப் பெற்றோர்கள்.

சின்ன வேடிக்கைதானே என்று தோன்றலாம். பாதி உண்மை. பெயர் ஒத்துப்போவது சகஜம், அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரே பெயருள்ள இருவரை எதை வைத்துப் பிரித்துக் காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வகுப்பறையில் அது குழந்தையின் மரியாதை சம்பந்தப்பட்டது. வகுப்புக்கு வெளியே அது சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சம்பந்தப்பட்டது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எவ்வளவு சகஜம்?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. அதனால் நாமே ஒரு கணக்குப் போடலாம். பயப்பட வேண்டாம், பள்ளிக் கணக்குதான்.

ஒரு வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மற்ற 39 பேருடன் ஒரு ஜோடி. 40 × 39 ÷ 2 = 780 ஜோடிகள். பெயர் ஒத்துப்போக 780 வாய்ப்புகள்! நம் மனசு "40 பேர்தானே" என்று நினைக்கிறது. ஏமாறுவது அங்கேதான்.

இப்போது, ஊரில் புழக்கத்தில் இருப்பது ஆண், பெண் பெயர் எல்லாம் சேர்த்து 1,000 பெயர்கள், எல்லாமே ஒரே அளவு பிரபலம் என்று வைப்போம். அப்படி இருந்தால்கூட, அந்த வகுப்பில் ஏதாவது இருவருக்கு ஒரே பெயர் இருக்க வாய்ப்பு சுமார் 55 சதவீதம். பெயர்கள் 300 தான் என்றால் அது சுமார் 93 சதவீதம். நிஜத்தில் எல்லாப் பெயரும் ஒரே அளவு பிரபலம் கிடையாது. சில பெயர்களில் கூட்டம் குவியும். அதனால் உண்மையான வாய்ப்பு இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஒரு பிரபலமான கணக்கு உண்டு. அதே கணக்குதான் இது.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வகுப்பில் "யாரோ இருவருக்கு" ஒரே பெயர் இருப்பது வேறு, "உங்கள் குழந்தைக்கு" அதே பெயருள்ள ஒருவர் இருப்பது வேறு. 1,000 பெயர் கணக்கில், உங்கள் குழந்தைக்கு அப்படி நடக்கும் வாய்ப்பு 4 சதவீதம்கூட இல்லை. அதே சமயம், நூற்றுக்கு 2 குழந்தைகளுக்கு வைக்கும் அளவு பிரபலமான பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடும். அதாவது வகுப்பில் ஒரு ஜோடியாவது அநேகமாக இருக்கும். அதில் உங்கள் குழந்தை இருக்குமா என்பது நீங்கள் வைத்த பெயரைப் பொறுத்தது.

எல்லாரும் ஏன் ஒரே பெயரிலேயே போய் நிற்கிறோம்?

யாரும் பேசி வைத்துக்கொண்டு பெயர் வைப்பதில்லை. ஆனாலும் பெயர்கள் குவிகின்றன. நம் ஊரில் அதற்குச் சில காரணங்கள் தெளிவாகத் தெரியும்.

நட்சத்திர எழுத்து: 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்துகள். ஜாதகம் பார்க்கும் குடும்பங்களில் "இந்த எழுத்தில்தான் தொடங்கணும்" என்று வந்துவிட்டால், ஆயிரம் பெயர்களில் இருந்து தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் சட்டென்று பத்து, இருபதாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் எண்கணிதமும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும்.

ஊரும் சாமியும்: நெல்லை, தூத்துக்குடி பக்கம் இசக்கியும் சுடலையும், மதுரைப் பக்கம் அழகரும் மீனாட்சியும், திருச்செந்தூரைச் சுற்றிச் செந்திலும் இன்றும் கேட்கிற பெயர்கள். வேளாங்கண்ணியை நினைத்து ஆரோக்கியராஜ், ஆரோக்கியமேரி. நாகூர் ஆண்டவர் பெயரில் சாகுல் ஹமீது. மாநில அளவில் பார்த்தால் இவை சிதறிக் கிடக்கும். அந்தந்த ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் நாலு பேருக்கு இருக்கும்.

காலம்: ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய பெற்றோர் ஒரே படங்களைப் பார்த்தவர்கள், ஒரே பாட்டைக் கேட்டவர்கள், ஒரே கிரிக்கெட் மேட்ச்சுக்குக் கைதட்டியவர்கள். பள்ளி என்பது வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிற இடம். அதனால் தெருவில் தெரியாத ஒற்றுமை வகுப்பில் பளிச்சென்று தெரிகிறது.

கூகுள்: இதுதான் இன்றைய வேடிக்கை. இப்போது எல்லாப் பெற்றோருக்கும் "யாருக்கும் இல்லாத பெயர்" வேண்டும். எல்லாரும் போனை எடுத்து "அழகான தமிழ்ப் பெண் குழந்தை பெயர்கள்" என்று தேடுகிறார்கள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான் வருகிறது. நிலா, யாழினி, இனியா, கவின், முகில் என்று எல்லாமே அருமையான பெயர்கள். அந்த அருமை பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிகிறது. மூணு வருஷம் கழித்து எல்.கே.ஜி. வாசலில்தான் உண்மை தெரியவரும்.

இதோடு ஒலி ஒற்றுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர்ஷன், தர்ஷினி, தர்ஷிகா, பிரியதர்ஷினி என நாலு பேர் இருக்கும் வகுப்பில் "தர்ஷு" என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்? எழுத்தில் வேறு வேறு பெயர், கூப்பிடும்போது ஒரே பெயர்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஒரே பெயரில் குவிவது நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1947-ல் பிறந்த பெண் குழந்தைகளில் 100-ல் 5 பேருக்கு மேல் லிண்டா. 1970 முதல் 1984 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் ஜெனிஃபர். ஒரு தலைமுறைக்கே ஜெனிஃபர் தோழிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். 2023-ல் முதலிடம் பிடித்த ஒலிவியாவோ 100-ல் ஒரு பெண் குழந்தைக்குக்கூட வைக்கப்படவில்லை. அதாவது அங்கே குவிவது குறைந்து, பெயர்கள் பரவலாகிவிட்டன.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 2023-ல் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் முகம்மது. 4,661 குழந்தைகள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஸ்பெல்லிங்கையும் தனித்தனிப் பெயராகத்தான் எண்ணுவார்கள். இது ஒரே ஒரு ஸ்பெல்லிங்குக்கான எண்ணிக்கை மட்டுமே.

தென் கொரியாவில் நிலைமை தலைகீழ். அங்கே குவிவது குடும்பப் பெயரில். 2015 கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம். அதனால் ஆளை ஆள் பிரித்துக் காட்டும் வேலையை முதல் பெயர் செய்கிறது. நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது ஐஸ்லாந்து. அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரைத்தான் பின்னால் சேர்ப்பார்கள். போன் டைரக்டரியைக்கூட முதல் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?

நம் கையில் இருப்பது இனிஷியல்

தமிழ்நாட்டில் ஒரே பெயருள்ளவர்கள் அதிகம் இருப்பது போலத் தெரிவதற்கு முக்கியக் காரணம், நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததுதான். இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த சில தலைமுறைகளில் அது தமிழ்நாட்டின் இயல்பாகவே ஆனது. வடக்கே நண்பர் ஒருவர் "உன் சர்நேம் என்ன?" என்று கேட்கும்போது நாம் அப்பா பெயரைச் சொல்வது அதனால்தான்.

இதில் கிடைத்த லாபம் பெரியது. பெயரைக் கேட்டதும் சாதி தெரியாது. விலை ஒன்றே ஒன்று: ஆளைப் பிரித்துக் காட்டும் மொத்தச் சுமையும் ஒரு பெயர், ஓர் எழுத்து மேல் விழுகிறது.

அந்த ஓர் எழுத்து போதுமா? வகுப்பில் மூன்று கார்த்திக். அப்பா பெயரின் ஆங்கில எழுத்து எஸ், ஆர், கே, எம், வி, பி, ஏ, ஜே என எட்டில் ஒன்று, எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்தால், அவர்களில் இருவருக்காவது ஒரே இனிஷியல் வர வாய்ப்பு மூன்றில் ஒன்று. அப்புறம் "பெரிய எஸ். கார்த்திக், சின்ன எஸ். கார்த்திக்"தான்.

இங்கே தமிழ் எழுத்து ஒரு சின்ன உதவி செய்கிறது. செல்வம், சுரேஷ், சங்கர், சிவா, சேகர் என்று ஐந்து அப்பாக்கள். ஆங்கிலத்தில் ஐந்து பேருக்கும் ஒரே "எஸ்". தமிழில் செ., சு., ச., சி., சே. என்று ஐந்து. முருகன், மணி, மாரியப்பன், மோகன் நால்வரும் ஆங்கிலத்தில் "எம்". தமிழில் மு., ம., மா., மோ. உயிர்மெய் எழுத்துகள் இருப்பதால் தமிழ் இனிஷியல் ஆளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் அரசாணை வெளியிட்டது. முதல் வகுப்பு முதல் கல்லூரி வரை மாணவர்களுக்கும் அது பொருந்தும். அதன் நோக்கம் மொழி. ஆனால் மூன்று கார்த்திக் பிரச்சினைக்கும் அதில் ஒரு வழி இருக்கிறது.

இன்னொரு வழி, அம்மாவின் எழுத்தையும் சேர்ப்பது. அதே எட்டு எழுத்துக் கணக்கில் அம்மா எழுத்தும் சேர்ந்தால் 64 சேர்க்கைகள். மூன்று கார்த்திக்குகளில் இருவருக்கு ஒரே இனிஷியல் வரும் வாய்ப்பு 34 சதவீதத்தில் இருந்து 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். வளர்த்த அம்மாவுக்குச் சேர வேண்டிய இடமும் கிடைத்துவிடும்.

இனிஷியல் வேலை செய்யாத இடத்தில் பட்டப்பெயர்

இனிஷியலை விட்டுவிட்டால் வகுப்பு தானாக வேறு வழி கண்டுபிடிக்கும். நெட்டை கார்த்திக், கண்ணாடி கார்த்திக், வேன்ல வர்ற கார்த்திக். அதோடு நின்றால் பரவாயில்லை. "கறுப்பு", "குண்டு", "ஃபெயில்" என்று அடைமொழி சேரும்போது, பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அது அந்தக் குழந்தையின் முதுகில் இருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு திவ்யாவை எல்லாரும் அவள் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். நானும்தான். அது விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது கல்லூரிக்குப் போன பிறகு.

அடையாளத்துக்குத் தெருப் பெயரையோ காலனிப் பெயரையோ சேர்ப்பது இன்னும் ஆபத்து. நம் ஊரில் தெருவைச் சொன்னால் பல நேரம் சாதியைச் சொன்ன மாதிரி. நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவர் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறிப்பிட்டு மாணவர்களைக் கூப்பிடக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் அடக்கம். ஒரே பெயருள்ள இருவரை எப்படிக் கூப்பிடுவது என்பது இந்த "மறைமுகமாக" என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. முதல் வாரத்திலேயே அந்தக் குழந்தைகளையே கேட்டுவிடலாம்: "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" இனிஷியலோடா, வீட்டுப் பெயரா, முழுப் பெயரா? அவர்கள் சொல்வதை வகுப்பு முழுக்கப் பின்பற்றினால் போதும்.

பள்ளியைத் தாண்டினால்?

மனிதர்களுக்கு "செ. கார்த்திக்", "கார்த்திக் செ.", "கார்த்திக் செல்வம்", வெறும் "கார்த்திக்" எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு இவை நாலு ஆள். அதற்கு மேல் ஆங்கில ஸ்பெல்லிங். கடைசியில் "கே" மட்டும் போடுகிறவர், "சி.கே" போடுகிறவர், நடுவில் "ஹெச்" விடுகிறவர், எண்கணிதத்துக்காக இன்னொரு "ஏ" சேர்த்தவர் என ஒரே பெயர் பல வடிவம் எடுக்கும்.

மாணவர்களுக்கான 12 இலக்க "அபார்" எண்ணை உருவாக்கப் பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, விரித்து எழுதிய ஓர் அப்பா பெயர் போதும், சிக்கல் தொடங்கிவிடும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். எதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது என்ற குழப்பத்தில் பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் நுழைய அனுமதி இல்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் பதற்றம் ஏற்பட்டது இதனால்தான். பிறகு, பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் "எஃப்.என்.யு." என்று போட்டுவிடுவார்கள், "முதல் பெயர் தெரியவில்லை" என்று அர்த்தம். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர், அங்கே "தெரியவில்லை" ஆகிவிடுகிறது!

பெண்களுக்கு இன்னொரு சுற்று. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எழுத்துக்குப் பதில் கணவர் எழுத்தைப் போட்டால், படித்த சான்றிதழில் ஓர் இனிஷியல், வங்கிக் கணக்கில் வேறொன்று.

பெற்றோர் என்ன செய்யலாம்?

- பிறப்புச் சான்றிதழில் இருந்து தொடங்குங்கள். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலும் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம்.

- இனிஷியலை ஒரே முறை முடிவு செய்யுங்கள். முன்னாலா பின்னாலா, எழுத்து மட்டுமா முழுப் பெயரா, ஆங்கில ஸ்பெல்லிங் என்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லா விண்ணப்பத்திலும் அதையே நிரப்புங்கள்.

- ஆதாரில் அவசரப்பட வேண்டாம். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவுக்குப் போகும்போது பெயரையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

- பள்ளிப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எமிஸ் தளத்தில் குழந்தையின் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று சேர்க்கையின்போதே பாருங்கள். ஒரே பெயரில் வேறு பிள்ளைகள் இருந்தால், பிறந்த தேதியையும் அப்பா அம்மா பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

- பத்தாம் வகுப்புதான் கடைசி வாய்ப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியலில் திருத்தம் செய்யப் பள்ளிகளுக்கு அவகாசம் கொடுப்பார்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு பிழையைத் திருத்துவது நீண்ட வேலை. பெயரையே மாற்றுவதாக இருந்தால் அரசிதழ் வரை போக வேண்டும்.

அப்போ பிரபலமான பெயரே வைக்கக் கூடாதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. தாத்தா பெயரை வைப்பதும், பிடித்த பெயரை வைப்பதும் உங்கள் இஷ்டம். யாருக்கும் இல்லாத பெயர் தேடி, குழந்தை தன் பெயரைத் தானே மூணு தடவை ஸ்பெல் பண்ண வேண்டிய நிலைக்குத் தள்ளுவதைவிட, வகுப்பில் இன்னொரு நிலா இருப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை. என் வகுப்புத் திவ்யாக்கள் மூவரும் இன்றும் தோழிகள். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பின் பெயர், "திவ்யா மற்றும் திவ்யா மற்றும் திவ்யா".

ஆனால் பெயரை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே ஸ்பெல்லிங் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூணாம் வகுப்பில் அது சின்ன வேலை.